மூடிய மின்கலம்: பெயரும் பொருளும்

பெயர் என்பது பொருளை அறிவதற்குரிய முதல் வாயில் ஆகும். பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்துக் காண்பது நம் இலக்கண மரபு. ஒரு பெயரைக் கேட்ட அளவிலேயே பொருளின் இயல்பு ஓரளவேனும் விளங்குவது காரணப்பெயரால் வரும் நன்மை. அக்காரணமே பிழைபட அமைந்துவிடின், அப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. அப்பொருளை நம்பித் தொழில் செய்வோரின் கைப்பொருளையும், சில வேளைகளில் அவர்தம் பிள்ளைகளின் உடல்நலத்தையும் அது கெடுத்துவிடுகிறது. இக்கருத்தை நாள்தோறும் நாம் காணும் ஒரு பொருளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாலை மயங்கும் வேளையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளின் பூக்கடைகளிலும், தியாகராய நகர்ப் பாண்டி பஜாரின் நடைபாதைக் கடைகளிலும், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்க் கடற்கரையில் சுண்டலும் சோளமும் விற்கும் தள்ளுவண்டிகளிலும் விளக்குகள் ஒளிரக் காண்கிறோம். மின்கம்பி எட்டாத இடங்களில் அவ்விளக்குகள் பலவற்றுக்கு உயிர் கொடுப்பது, வண்டியின் அடித்தட்டில் செங்கல் அளவில் இருக்கும் ஒரு பெட்டி. காய்கறிக் கடையின் எலக்ட்ரானிக் தராசுக்குள்ளும், விழாக்களில் தொண்டர் இழுத்துவரும் சக்கர ஒலிபெருக்கிக்குள்ளும், வீட்டிலுள்ள எமர்ஜென்சி விளக்குக்குள்ளும் இதன் வேறு வேறு அளவுகள் அமைந்துள்ளன. அறுபத்துமூவர் உலாவாயினும், பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருவிழாவாயினும், ரமலான் மாதத்து இரவுக் கடைகளாயினும் இப்பெட்டியின் துணையை எல்லோரும் ஒருபடித்தாய்ப் பெறுகின்றனர்.

கடைத்தெருவில் இப்பெட்டிக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. 'டிரை பேட்டரி', 'சீல்டு பேட்டரி', 'மெயின்டெனன்ஸ் ஃப்ரீ பேட்டரி' என்பன அவை. உலர்ந்தது, முற்றும் அடைக்கப்பட்டது, பராமரிப்பு வேண்டாதது என்பன முறையே இவற்றின் பொருள். மூன்றும் காரணப்பெயர்களே. ஆயினும் மூன்றிலும் காரணம் முழு உண்மை அன்று. இதனைக் காண்பதற்கு முன், இம்மின்கலம் தெருவிளக்காக வந்த வழியைச் சுருக்கமாக அறிதல் நலம்.

மின்கலம் வந்த வழி

தள்ளுவண்டிகளில் முற்காலத்தில் எரிந்தவை காடா விளக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஆகும். மண்ணெண்ணெய்ப் புகை, காற்றடித்தால் அணைதல், துணிக்கடை அருகே தீ அச்சம் ஆகிய குறைகள் அவற்றுக்கு இருந்தன.

மின்னேற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க காரீய-அமில மின்கலத்தை 1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிவியலார் காஸ்தோன் பிளாந்தே அமைத்தார். 1881-இல் அந்நாட்டவரான கமீல் ஃபோர், தகட்டின்மேல் காரீயக் கூட்டுப்பொருளைப் பசைபோலப் பூசி அதன் கொள்திறனைப் பெருக்கினார். எனினும் நீர்த்த கந்தக அமிலம் தளும்பி நிற்கும் கலம் தள்ளுவண்டிக்கு ஏற்றதன்று. சாய்ந்தால் சிந்தும், சிந்தினால் துணியையும் தோலையும் அரிக்கும், அவ்வப்போது வாலைநீரும் ஊற்றவேண்டும்.

இக்குறையைப் போக்கும் வழிகள் இரண்டு பிறந்தன. 1957-இல் ஜெர்மனியின் சொன்னென்ஷைன் நிறுவனத்தைச் சேர்ந்த ஓட்டோ யாகே அமிலத்தைக் கூழ்போல இறுகச் செய்தார். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேட்ஸ் நிறுவனத்தார், நுண்ணிய கண்ணாடியிழை விரிப்பில் அமிலத்தை ஊறவைத்துத் தகடுகளுக்கிடையே செறித்தனர். இன்று நம் வண்டிகளிலும் தராசுகளிலும் காணப்படுபவை பெரும்பாலும் இக்கண்ணாடியிழை வகையின.

கலம் அமைந்தும், அது சிறு வணிகர்க்கு முழுப்பயன் தந்தது வெண்ணிற எல்.இ.டி. விளக்கு வந்த பின்னரே. அதற்கு அடிப்படையான நீலநிற எல்.இ.டி.யைக் கண்டமைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர் 2014-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். 40 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை ஏறத்தாழ 5 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. ஆதலால் ஒரு சிறு பெட்டி ஒரு மாலைப்பொழுது முழுவதும் கடை நடத்தப் போதுமானதாயிற்று.

கலத்தின் உள்ளே நிகழ்வது

தனி ஒரு கலம் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்தால் 12 வோல்ட் ஆகும். இவ்வடுக்கை 'மின்கல அடுக்கு' என்றும், மின்னேற்றிச் சேமிக்கத்தக்க கலத்தைச் 'சேமக்கலம்' என்றும் வழங்குவர். சேகண்டி எனப்படும் தாளக் கருவிக்கும் சேமக்கலம் என்னும் பெயர் முன்பே உண்டு; பழஞ்சொல் ஒன்று புதுப்பொருளை ஏற்றது கருதத்தக்கது.

மின்னேற்றம் பெற்ற நிலையில், கலத்தின் நேர்மின் தகட்டில் காரீய டை-ஆக்சைடும் எதிர்மின் தகட்டில் நுண்துளைகளோடு கூடிய காரீயமும் இருக்கும். விளக்கு எரியும்போது இவ்விரண்டும் அமிலத்தோடு வினைபுரிந்து காரீய சல்பேட்டாக மாறும். அமிலம் வலிமை குன்றி நீர்ப்பாங்காகும். மின்னேற்றும்போது இவ்வினை திரும்பி நிகழும். சல்பேட்டு மீண்டும் பழைய பொருள்களாகும்.

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். புதிதாய்த் தோன்றிய சல்பேட்டு மென்மையான சிறு படிகங்களாய் இருக்கும். உடனே மின்னேற்றினால் எளிதில் மாறிவிடும். கலத்தைக் காலியாகவே விட்டுவைத்தால், அப்படிகங்கள் நாளடைவில் பருத்து இறுகித் தகட்டை அடைத்துக்கொள்ளும். பின்னர் எவ்வளவு நேரம் மின்னேற்றினும் அவை முழுவதும் கரைவதில்லை. கடைத்தெருவில் 'பேட்டரி செத்துப்போச்சு' என்று கூறப்படும் நிலைக்கு இதுவே முதன்மையான காரணங்களுள் ஒன்று.

முதற்பெயர்: 'டிரை'

'உலர்ந்தது' என்னும் பெயர், உள்ளே அமிலமே இல்லை என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. அமிலம் உண்டு; அது விரிப்பில் ஊறியோ கூழாகியோ இருப்பதால் தளும்புவதில்லை என்பதே உண்மை. கீழே விழுந்து விரிசல் கண்ட பெட்டியை வெறுங்கையால் தொடுவதும், அதனைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் வைப்பதும் இப்பெயரால் விளையும் தீங்குகள். கசிந்த அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் நிறைந்த நீரால் உடனே கழுவவேண்டும். கண்ணிற் பட்டால் கழுவியபின் மருத்துவரை நாடவேண்டும்.

உண்மையில் 'உலர் மின்கலம்' என்னும் பெயர் டார்ச் விளக்கிலும் சுவர்க் கடிகாரத்திலும் இடும் துத்தநாகக் கலத்துக்கு உரியது. அதனை மின்னேற்றுதல் கூடாது. மின்னேற்றக் கூடாத ஒன்றும், மின்னேற்றாவிடில் கெடும் ஒன்றும் ஒரே பெயரைத் தாங்கி நிற்பது பெரும் மயக்கம் அன்றோ!

இரண்டாம் பெயர்: 'சீல்டு'

'முற்றும் அடைக்கப்பட்டது' என்பதும் முழு உண்மை அன்று. மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் நேர்மின் தகட்டில் தோன்றும் ஆக்சிஜன், விரிப்பின் நுண்துளைகள் வழியே எதிர்மின் தகட்டை அடைந்து மீண்டும் நீராகிறது. நீர் இழக்கப்படாமையால் நீர் ஊற்றவேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் அளவுக்கு மீறி மின்னேற்றினால் வளி மிகுந்து உள்ளழுத்தம் பெருகும். அப்போது திறந்து வளியை வெளிவிடுவதற்கென ஒவ்வொரு கலத்தின் மேலும் ஒரு சிறு ரப்பர் வால்வு உண்டு. எனவேதான் பொறியியலார் இதனை 'வால்வினால் ஒழுங்குபடுத்தப்பட்ட கலம்' என்று அழைக்கின்றனர்.

வெளிவரும் வளியில் ஹைட்ரஜன் உண்டு, அது தீப்பற்றக்கூடியது. மழைக்காக பாலிதீன் தாளில் சுற்றிய பெட்டியை அப்படியே வைத்து மின்னேற்றுவதும், காற்றுப் புகாத பெட்டிக்குள் பூட்டி மின்னேற்றுவதும், சமையல் அடுப்பின் அருகில் வைத்து மின்னேற்றுவதும் தவிர்க்கத்தக்கன. மேலும், இவ்வாறு வெளியேறிய நீரை மீண்டும் ஊற்றுதற்குச் சாதாரணப் பயனர்க்கு வழியில்லை. திறந்த கலத்தில் ஈடுசெய்யக்கூடிய இழப்பு, மூடிய கலத்தில் நிலையான இழப்பாகிவிடுகிறது.

மூன்றாம் பெயர்: 'மெயின்டெனன்ஸ் ஃப்ரீ'

மூன்று பெயர்களுள் மிகுந்த பொருளிழப்பை உண்டாக்குவது இதுவே. நீர் ஊற்றும் பராமரிப்பு வேண்டா என்பதே இதன் உண்மைப் பொருள். எந்தப் பராமரிப்பும் வேண்டா என்று மக்கள் கொண்டனர்.

வடக்கு மாடவீதியில் பூ விற்கும் மூதாட்டியார் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டபோது அவர் கூறியது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

"தண்ணி ஊத்த வேணாம், ஒண்ணும் பாக்க வேணாம்னு சொல்லித்தான் குடுத்தாங்க சார். போன வருசம் வாங்கினது. இப்ப ஒரு மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது."

"ராத்திரி வீட்டுக்குப் போனதும் சார்ஜ் போடுவீங்களாம்மா?"

"பதினோரு மணிக்குப் போய் யாரு சார் போடறது? மறுநாள் மத்தியானம் பாத்துக்குவேன். வியாபாரம் இல்லேன்னா ரெண்டு மூணு நாள் அப்படியேதான் கெடக்கும்."

காலியான கலம் இரண்டு மூன்று நாள் கிடந்த அந்த இடைவெளியிலேயே சல்பேட்டுப் படிகங்கள் இறுகத் தொடங்கிவிடுகின்றன. அம்மூதாட்டியார் செய்ததில் கவனக்குறைவு ஏதும் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட சொல்லை அவர் நம்பினார், அவ்வளவே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தள்ளுவண்டிகளில் மிகுதியாகப் பயன்படும் அளவு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. 7 வாட் விளக்கு ஒன்றை மாலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை எரித்தால் செலவு 42 வாட்-மணி, அதாவது சரிபாதி. அத்தகைய விளக்குகள் இரண்டை எரித்தால் 84 வாட்-மணியும் செலவாகவேண்டும். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்ட 7 ஆம்பியர்-மணி என்பது, 20 மணிநேரம் மெல்ல மெல்ல இறக்கும்போது கிடைக்கும் அளவு. விரைந்து இறக்கினால் அவ்வளவு கிடைக்காது. 11 மணிக்கு முன்பே விளக்கு மங்கிவிடும்.

உற்பத்தியாளர்கள் தம் கையேடுகளில் பொதுவாகத் தரும் அளவின்படி, இத்தகைய மின்கலத்தை ஒவ்வொரு முறையும் முழுவதும் இறக்கினால் ஏறத்தாழ 200 முறை உழைக்கும். பாதியளவே இறக்கினால் ஏறத்தாழ 500 முறை உழைக்கும். இரண்டு விளக்குகள் கட்டாயம் வேண்டுமெனில், 3 வாட் விளக்குகள் இரண்டை மாட்டுதல் தக்கது. ஒளி கடை முழுவதும் பரவும். கலமும் பாதிக்குமேல் இறங்காது. விளக்கைத் தேர்வதும் மின்கலப் பராமரிப்பின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

மின்னேற்றும் கருவியும் முதன்மையானது. நாள்தோறும் பயன்படும் 12 வோல்ட் மின்கலத்துக்கு 14.4 முதல் 14.7 வோல்ட் வரையில் மின்னேற்றி, நிறைந்தவுடன் தானே நிறுத்திக்கொள்ளும் கருவி தக்கது. கடைக்காரரிடம் 'ஆட்டோ கட் சார்ஜர்' என்று கேட்டால் விளங்கிக்கொள்வார். 7 ஆம்பியர்-மணிக் கலத்தைப் பாதி இறக்கியபின், 0.7 ஆம்பியர் அளவில் இரவு 11 மணிக்கு இணைத்தால் காலை எட்டு மணியளவில் நிறைந்துவிடும். செலவும் மிகச் சிறிதே. ஒரு யூனிட் மின்சாரம் பத்து இரவுகளுக்கும் மேற்பட்ட மின்னேற்றத்துக்குப் போதும். அவ்வாறே, கலத்தின் அழுத்தம் 10.5 வோல்ட்டுக்குக் கீழ் இறங்காதபடி விளக்கைத் தானே அணைக்கும் சிறு சுற்று இருப்பின் நன்று. அஃது இல்லாதவர், விளக்கு மங்கத் தொடங்கியதும் அணைத்துவிடுதல் வேண்டும்.

சென்னையின் வெயிலையும் இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். கையேடுகளில் உள்ள அளவுகள் 25 பாகை செல்சியசுக்கு உரியன. அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் கலத்தின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மே மாதத்தில் 40 பாகையை எட்டும் நண்பகலில், வெயிலில் நிறுத்திய வண்டியின் தகரப் பெட்டிக்குள் கலத்தை அடைத்து வைப்பது அதன் வாழ்நாளைச் சுருக்குவதாகும். நிழலும் காற்றும் படும் இடமே அதற்கு உரியது.

வெள்ளம் கற்பித்த பாடம்

கடைக்காரர்க்கு மட்டுமன்றி இல்லத்தார்க்கும் இவ்வறிவு வேண்டும் என்பதை இருபெரும் இடர்கள் காட்டின. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் இரவு அடையாற்றில் பெருகிய வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளைச் சூழ்ந்தது. பாதுகாப்புக் கருதிப் பல இடங்களில் மின்வழங்கல் நிறுத்தப்பட்டது, கைப்பேசிகள் அடங்கின. அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர் 12-இல், வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் பெருமளவில் சாய்த்தபோது, நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் இருந்தன.

இத்தகைய வேளைக்கென்றே வாங்கி வைத்த எமர்ஜென்சி விளக்கு, எடுத்துப் பார்க்கும்போது எரியாமற்போவது பல இல்லங்களில் நிகழ்வதே. வாங்கிய நாளில் எரிந்த விளக்கு அலமாரியில் இருந்தபடியே கெடுவது எங்ஙனம்? மூடிய மின்கலம் பயன்படாமல் இருக்கும்போதும் மாதந்தோறும் தன் சேமிப்பில் ஒரு சிறு பகுதியை இழந்துகொண்டே இருக்கும். வெப்பம் மிகுந்தால் இழப்பும் மிகும். ஆண்டுக்கணக்கில் தொடாத கலம் காலியாகிச் சல்பேட்டு இறுகிவிடும். நம் ஊர் வெப்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மின்னேற்றி வைத்தால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது விளக்கு நமக்குத் துணை நிற்கும்.

லித்தியக் கலம்

அண்மைக் காலத்தில் லித்தியம்-அயனிக் கலங்களும் வண்டிகளுக்கு வந்துவிட்டன. 1991-இல் சோனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இதன் உருவாக்கத்துக்காக குடினஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகியோர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். இது எடை குறைந்தது. பன்முறை மின்னேற்றத்தைத் தாங்குவது. ஆயின் விலை கூடியது. இரண்டுக்கும் ஒழுங்குமுறை வேறு. காரீயக் கலம் எப்போதும் நிறைந்திருக்க விரும்பும். லித்தியக் கலத்தை நெடுநாள் வைக்கவேண்டின் பாதியளவு நிறைத்து வைத்தலே நன்று. ஒன்றன் மின்னேற்றும் கருவியை மற்றொன்றுக்கு இணைத்தல் ஆகாது. உப்பிய லித்தியக் கலத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும்.

'ஈயம்' என்னும் நான்காம் மயக்கம்

கலத்தின் வாழ்வைப் போலவே அதன் முடிவும் கவலைக்குரியது. இங்கும் ஒரு சொல் மயக்கம் உண்டு. 'ஈயம்' என்று பொதுவாக வழங்கும் சொல் இருவேறு உலோகங்களைக் குறிக்கிறது. மயிலாப்பூர் இல்லங்களில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். மின்கலத்தில் உள்ளதோ காரீயம்; அது நச்சு. 'ஈயம்தானே, பாட்டி காலத்துச் சொம்பில் இல்லாததா' என்று எண்ணிவிடக் கூடாது.

7 ஆம்பியர்-மணிப் பெட்டியின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அதில் பாதிக்குமேல் காரீயமே. பழைய பெட்டியை உடைத்துக் காரீயத்தைத் திறந்த வெளியில் உருக்கினால், அதன் புகையும் தூசியும் மண்ணிலும் உணவிலும் படியும். குழந்தையின் உடல், வளர்ந்தவர் உடலைவிட நான்கைந்து மடங்கு காரீயத்தை ஈர்த்துக்கொள்ளும் எனவும், தீங்கற்றது எனக் கூறத்தக்க காரீய அளவு எதுவும் அறியப்படவில்லை எனவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறிவு வளர்ச்சி குன்றுதல் அதனால் வரும் கேடுகளுள் ஒன்று.

முறையான ஆலையில் இதே காரீயம் தூய்மை பெற்று மீண்டும் புதிய கலமாகிறது. பயன்படுத்திய மின்கலங்களை விற்பனையாளர் வழியே திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2001-இல் வந்தன. அவற்றின் இடத்தில், உற்பத்தியாளரின் பொறுப்பை மேலும் விரிவாக்கும் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளை 2022 ஆகஸ்டில் நடுவண் அரசு அறிவித்தது. எனவே பழைய பெட்டியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, விலையில் கழிவு பெறுவது வணிகர்க்கும் நன்மை, ஊருக்கும் நன்மை.

முடிவுரை

மின்வேதியியல் அறிவு நமக்குத் தொலைவில் இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் உள்ளது. ஆய்வுக்கூடத்தில் அறிவு இருக்கிறது; மாடவீதியில் தேவை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வேண்டப்படுவது மொழி. அம்மொழிப் பணி தமிழ்த்துறையைச் சார்ந்தது.

அப்பணியைச் சரியான பெயரிலிருந்து தொடங்கலாம். உலர்ந்தது, அடைத்தது, பராமரிப்பு வேண்டாதது என்னும் மூன்றனுள் எதுவும் பொருந்தாதபோது, 'சிந்தாச் சேமக்கலம்' எனலாம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாய் நிற்கும் 'சிந்தா' என்னும் ஒரு சொல், இக்கலத்தின் உண்மையான சிறப்பை மிகையின்றிச் சொல்லிவிடுகிறது. உள்ளே சிந்தத்தக்கது ஒன்று உண்டு என்னும் எச்சரிக்கையும் அதிலேயே அடங்கியுள்ளது.

அடுத்து, தமிழ் மாணவரும் இயற்பியல் மாணவரும் கூடி ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் அறிவுறுத்தல் அட்டை அச்சிட்டு, மயிலாப்பூர், தியாகராய நகர், பெசன்ட் நகர் வணிகர்களிடம் நேரில் கொடுக்கலாம். அதில் ஐந்து வரிகள் போதும். கடை முடிந்த இரவே சார்ஜ் போடுக. விளக்கு மங்கினால் அணைத்துவிடுக. ஆட்டோ கட் சார்ஜரையே பயன்படுத்துக. வெயிலிலும், காற்றுப் புகாத பெட்டியிலும் வைக்காதீர். பழைய பேட்டரியை உடைக்காமல் கடையில் கொடுத்துக் கழிவு பெறுக.

இவ்வைந்து வரிகளையும் படித்துணர்ந்த ஒருவர்க்கு, ஓராண்டில் கெட்ட கலம் அதற்குமேலும் உழைக்கும். நாள் வருவாயில் வாழும் குடும்பத்துக்கு, ஒரு பேட்டரியின் விலை மிச்சமாவது பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு உதவும். சொல்லைத் திருத்துவது புலவர்க்குரிய வேலை மட்டும் என்று இனி யாரும் கருதவேண்டியதில்லை.